பீங்கான் கட்டையைக் கழற்றுவதற்கு முன்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று விரியும் இந்த நெசவு வட்டாரத்தில், நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றின் நடையில் இன்றும் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் மீட்டர், இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டோ நான்கோ. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதோ, பெண்ணின் கல்யாணத்தை ஒட்டி ஒரு ஏ.சி. வாங்கும்போதோ கேள்வி எழுகிறது: இதையெல்லாம் பிடுங்கிவிட்டு, தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. போட்டுவிடலாமா? போடலாம், பெரும்பாலான வீடுகளில் போடத்தான் வேண்டும். ஆனால் அது முதல் வேலை அல்ல. சுவருக்குள் ஓடும் வயர் எந்த நிலையில் இருக்கிறது, மண்ணுக்குள் இறங்கும் எர்த் வேலை செய்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் பலகையை மட்டும் மாற்றினால், செலவு செய்த திருப்தி கிடைக்கும். ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த அத்தியாயம் அந்த வரிசையைப் பற்றியது.

முதலில் ஃபியூஸின் தரப்பைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் அதற்காகப் பேச இன்று ஆள் இல்லை. ஃபியூஸ் மோசமான கருவி அல்ல. அதில் ஸ்பிரிங் இல்லை, நகரும் பாகம் இல்லை, துருவேறி இறுகிக்கொள்ள எதுவுமே இல்லை. அளவு மீறிக் கரண்ட் பாய்ந்தால் வெள்ளீயம் பூசிய அந்த மெல்லிய செம்புக் கம்பி உருகியே தீரும். 0.2 மி.மீ. கம்பி 5 ஆம்பியருக்கு, 0.35 மி.மீ. 10 ஆம்பியருக்கு, 0.5 மி.மீ. 15 ஆம்பியருக்கு என்று கணக்கு உண்டு. குறை என்னவென்றால், அது தன் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்டில்தான் உருகும். 15 ஆம்பியர் ஃபியூஸ் 28, 30 ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளும். எம்.சி.பி. அவ்வளவு பொறுமை காட்டாது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டாட்ஸ் என்பவரின் நிறுவனம் 1924-ல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைய எம்.சி.பி.க்கு மூலம். உள்ளே இரண்டு காவலர்கள்: சூடேறினால் வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று, ஷார்ட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இழுத்துவிடும் காந்தச்சுருள் ஒன்று. தர விதிப்படி அது தன் அளவைப் போல 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 15 ஆம்பியர் ஃபியூஸ் 25 ஆம்பியரைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்திருக்கும்.

ஆனால் இந்த வித்தியாசம் பழைய வீட்டின் உண்மையான நோய் அல்ல. ஃபியூஸ் கம்பியைப் போடும் கைதான் நோய். ராத்திரியில் 'பீஸ் போயிடுச்சு' என்றதும் வீட்டில் சரியான கம்பி இருக்காது. பழைய வயரை உரித்து ஓர் இழையைச் சுற்றிவிடுவார்கள். டேபிள் ஃபேனின் மெல்லிய வயரிலிருந்து எடுத்த ஒற்றை இழை என்றால் பெரிய தவறில்லை. அது கிட்டத்தட்ட 5 ஆம்பியர் கம்பிதான். ஆனால் 'மூணு இருபது' என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் பழைய வயரின் ஓர் இழை 0.91 மி.மீ. கனம். அது உருக ஏறக்குறைய 70 ஆம்பியர் வேண்டும். விளக்குகளுக்கு ஓடும் 'ஒண்ணு பதினெட்டு' வயர் நிதானமாகத் தாங்குவது சுமார் 11 ஆம்பியர். கட்டையில் 70-க்கு உருகும் கம்பி, சுவரில் 11-ஐத் தாங்கும் வயர். அந்த வீட்டில் ஃபியூஸ் இருப்பது சுவரில்தான், கட்டையில் அல்ல.

ஏன் இப்படி அடிக்கடி ஃபியூஸ் போயிற்று என்பதற்கு ஊரின் அண்மை வரலாறே விடை சொல்லும். ஒயரிங் செய்த காலத்தில் நான்கு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கி வைத்த நலத்திட்டங்களின் வழியே மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் மடிக்கணினியும் வீடு வீடாக வந்தன. அவற்றால் மட்டும் சுமை ஏறிவிடவில்லை. கிரைண்டரின் மோட்டார் மிகச் சிறியது. பிளக் பாயின்ட்டின் மேல் நம்பிக்கை வந்ததும் பின்னாலேயே ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், 2000 வாட் ஹீட்டர், ஒன்றரை டன் ஏ.சி. என்று வந்ததுதான் சுமை. ஹீட்டர் மட்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் கேட்கும். ஏ.சி. ஓடும்போது அதே லைனில் ஹீட்டரைப் போட்டால் 16 ஆம்பியரைத் தாண்டிவிடும். பொருள்கள் மாறின, வயர் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஃபியூஸ் கம்பி. அது மாற மாறத் தடித்தது.

எம்.சி.பி.க்கு ஆதரவான வலுவான வாதம் இங்கேதான் பிறக்கிறது: அதன் அளவை ராத்திரியில் யாரும் முறுக்கி மாற்ற முடியாது. ஆனால் அந்த வாதத்தைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டுவது பகலிலேயே நடக்கிறது. தடித்த இழையைச் சுற்றியதற்கும் இதற்கும் வேறுபாடு விலை மட்டும்தான். எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானிப்பது வீட்டில் என்ன பொருள் ஓடுகிறது என்பதல்ல, அதன் பின்னால் எந்த வயர் இருக்கிறது என்பதே. ஒண்ணு பதினெட்டு ஓடும் விளக்கு லைனுக்கு 6 ஆம்பியர். மூணு இருபது, அதாவது ஏறக்குறைய 2 சதுர மி.மீ. செம்பு ஓடும் பிளக் லைனுக்கு அதிகபட்சம் 16. அதற்கு மேல் வேண்டுமென்றால் வேண்டியது பெரிய எம்.சி.பி. அல்ல, 4 சதுர மி.மீ.யில் தனி லைன்.

ஆகவே முதல் சோதனை வயருக்கு. சுவிட்ச் பாக்ஸ் ஒன்றைத் திறந்து வயரின் நுனியை மெதுவாக வளைத்துப் பாருங்கள் (மெயினை அணைத்துவிட்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்). மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்த ரப்பர் வயரோ, மரப்பட்டைக்குள் ஓடும் துணி சுற்றிய வயரோ இருந்து, வளைத்ததும் மேலுறை பொரிந்து கொட்டினால், அங்கே விவாதம் முடிந்தது. முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டும். அந்த வீட்டுக்கு எம்.சி.பி. மட்டும் போடுவது கூரை ஒழுகும் வீட்டுக்குக் கதவு மாற்றுவது. பி.வி.சி. வயர் என்றால் வயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. செம்பு கிராக்கியாக இருந்த காலத்தில் போட்ட அலுமினிய வயர் தனிக் கவலை. அலுமினியம் திருகுக்கு அடியில் நாளடைவில் நசுங்கித் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். சூடாகும்போது கரண்ட் கூடுவதில்லை. எனவே ஃபியூஸுக்கும் தெரியாது, எம்.சி.பி.க்கும் தெரியாது. பிளக் பாயின்ட் பழுப்பேறியிருப்பதும், கருகிய வாசனையும்தான் அதற்கு அலாரம்.

இதுவரை பேசியது வயர் எரியாமல் காப்பதைப் பற்றி. மனிதர் அடிபடாமல் காப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்த முடிவில் மக்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்ட் 260 மில்லி ஆம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு, 30 மில்லி ஆம்பியர், உடலின் வழியே நீடித்துப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது இருப்பதே தெரியாது. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கும் அப்படியே. 'எம்.சி.பி. போட்டாச்சு, இனி ஷாக் அடிக்காது' என்ற பேச்சு முற்றிலும் தவறு.

எர்த் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் வீடுகளுக்கு எர்த் என்பது வீட்டோரத்தில் புதைத்த குழாய். அங்கிருந்து மண்ணின் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆர்.கே.பேட்டையைச் சுற்றிக் குன்றும் பாறையுமான நிலம். கோடையில் மேல்மண் காய்ந்து இறுகிவிடும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழிக்குப் பல ஆண்டாகத் தண்ணீரே ஊற்றவில்லை என்றால் அதன் தடை 20 ஓம் இருப்பது பெரிய வியப்பல்ல. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம் என்று வைத்தால், ஃபிரிட்ஜின் உடம்பில் ஃபேஸ் பட்டதும் மண்ணுக்குள் பாய்வது 230-ஐ 22-ஆல் வகுத்தால் வரும் பத்தரை ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் அசையாது. ஃபிரிட்ஜின் உடம்பிலோ 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருந்த வீடுகளின் நிலை இன்னும் மோசம்: இரும்புக் குழாயை மாற்றி பி.வி.சி. போட்ட அன்றே எர்த் போய்விட்டது, வீட்டாருக்குத் தெரியாமல்.

இந்த இடத்தில் உதவுவது ஆர்.சி.சி.பி. ஒன்றுதான். கடையில் இன்னும் பலர் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்று கேட்கிறார்கள், கொடுப்பது இதையே. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருப்பது இதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது மண்ணுக்கோ மனிதருக்கோ போயிருக்கிறது என்று கொண்டு, ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டிவிடும். எர்த்தின் தடை நூறு ஓம் இருந்தாலும் இது விழும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் இரு கையால் தொட்டால் மட்டும் இதனாலும் கண்டுபிடிக்க முடியாது. பலர் அறியாத செய்தி இது: பீங்கான் ஃபியூஸ்கள் இருக்கும் வீட்டிலேயே, அவற்றைத் தொடாமல், மெயின் சுவிட்சுக்கு அடுத்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைச் சேர்க்க முடியும். ஓவர்லோடையும் ஷார்ட்டையும் இது பார்க்காது. அதைச் சரியான கம்பி போட்ட ஃபியூஸ் பார்த்துக்கொள்ளும். கையில் பணம் குறைவாக இருக்கும் வீட்டுக்கு இதுதான் முதல் செலவு. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகள் மின்கசிவுக் காப்பைக் கட்டாயமாக்கியபோது 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளை விட்டுவிட்டன. தமிழ்நாட்டில் இப்போது புது இணைப்பு கேட்டாலே அது வேண்டும் என்கிறார்கள். பழைய இணைப்புக்காரரை வந்து யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் அவர் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதோடு சேர்த்து, நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று ஜோடியாகக் கட்டைகள் மாட்டுவது பழைய வழக்கம். நியூட்ரல் கட்டை உருகினால் விளக்கு அணையும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைத்தால் ஃபேஸ் அங்கே அப்படியே இருக்கும். நியூட்ரலில் தனி ஃபியூஸ் கூடாது என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே உள்ளது. அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேரடி இணைப்பாக்குவது அரைமணி நேர வேலை. வேறு எதற்கும் பணம் இல்லாவிட்டாலும் இதை ஒத்திப்போட வேண்டாம்.

தறி ஓடும் வீடுகளுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே நான் ஃபியூஸுக்காக வாதாட மாட்டேன். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு மூன்று கட்டைகள். ஒன்று மட்டும் உருகினால் மோட்டார் மீதி இரண்டில் உறுமிக்கொண்டே ஓடிச் சுருள் கருகும். ரீவைண்டிங் செலவு எம்.சி.பி. விலையைப் பல மடங்கு விழுங்கும். மூன்று துருவ எம்.சி.பி. விழுந்தால் மூன்றும் சேர்ந்தே விழும். (லைனிலேயே ஒரு ஃபேஸ் போனால் அதுவும் கண்டுகொள்ளாது, அதற்கு ஸ்டார்ட்டரில் தனிக் காப்பு வேண்டும்.) உருகும் கம்பி பொறியைத் தெறிக்கவிடும் என்பதும், தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி படியாத மூலையே இல்லை என்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே சி வகை எம்.சி.பி. கேளுங்கள். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர் இழுத்தாலும், கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பி வகை 10 ஆம்பியர் எம்.சி.பி. 30 ஆம்பியரிலிருந்தே உடனடியாக விழத் தயாராகிவிடும்; சி வகை 50 வரை பொறுக்கும்.

எதிர்ப்புகளில் முதன்மையானது 'சும்மா சும்மா விழும்' என்பது. இதில் பாதி உண்மை. எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குக் குறித்தது. திருத்தணி கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. மேற்குச் சுவரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் அதைவிட அதிகம். அங்கே 10 ஆம்பியர் எம்.சி.பி. ஏறக்குறைய 9 போல நடந்துகொள்ளும். பெட்டியை நிழலுக்கு மாற்றுவது இதற்கு மருந்து, பெரிய எம்.சி.பி. அல்ல. ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்றே நிற்காமல் விழுந்தால் அநேகமாக ஒயரிங்கில் பழைய பாவம் ஒன்று இருக்கிறது. தறிக்கு ஒரு சர்வீஸ், வீட்டுக்கு ஒரு சர்வீஸ் உள்ள இடத்தில், வீட்டு ஃபேஸ் எடுத்த விளக்குக்குத் தறி சர்வீஸின் நியூட்ரலைக் கொடுத்திருப்பார்கள். அல்லது நியூட்ரல் கிடைக்காத மூலையில் எர்த்தையே நியூட்ரலாக்கியிருப்பார்கள். திரும்பி வர வேண்டிய கரண்ட் வேறு வழியில் போவதால் கருவி தன் கடமையைச் செய்கிறது. அதைப் பிடுங்கி எறியாமல், லைன்களை ஒவ்வொன்றாக அணைத்துத் தேடினால் குற்றவாளி அகப்படுவான். மழைக்காலத்தில் மாடி விளக்கு நனைந்து வீடு முழுவதும் இருளாவது வேறு வகை. வெளி விளக்குக்கும் மோட்டாருக்கும் மட்டும் தனியாக, ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் ஒன்றாய்ச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. போட்டால் மற்ற லைன்கள் தப்பும்.

இன்னொரு எதிர்ப்பு, ஃபியூஸை நாமே போட்டுக்கொள்ளலாம், எம்.சி.பி. கெட்டால் கடை திறக்கும்வரை இருட்டு என்பது. இது நியாயமானதே. ஃபியூஸ் கெடும்போது கரண்டை நிறுத்திவிட்டுக் கெடும், எம்.சி.பி.யோ உள்ளே இறுகி, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் கெடவும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா எம்.சி.பி.யையும் கையால் போட்டு அணைத்துப் பார்ப்பதும், ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்ப்பதும் அதனால்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத எம்.சி.பி.யை விற்பதே சட்டப்படி குற்றம். ஆனாலும் போலி கிடைக்கிறது. முகப்பில் ஒரு சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். எத்தனை ஆம்பியர் ஷார்ட்டை அது வெடிக்காமல் வெட்டும் என்பதன் அளவு அது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகிலுள்ள வீட்டுக்கு 10000 வாங்குங்கள். பீங்கான் கட்டைகளின் திறன் இதில் ஓரிரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம்வரைதான் என்பதையும் மாற்றத்துக்கு ஆதரவாகக் கணக்கில் சேர்க்கலாம்.

செலவு என்று பார்த்தால் ஒற்றை எம்.சி.பி. சில நூறு ரூபாய், வீட்டுக்கான ஆர்.சி.சி.பி. ஈராயிரத்தைச் சுற்றி. பெரிய செலவு எப்போதும் வயருக்கும் கூலிக்கும்தான். வயர் நன்றாக இருந்தால் ஆர்.சி.சி.பி., எம்.சி.பி., புது எர்த் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். பிரித்துச் செய்தால் கூலி இரட்டிக்கும். இரண்டு அறை, விளக்கு, ஃபேன், டி.வி. மட்டும் உள்ள வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டி, நியூட்ரல் கட்டையை எடுத்து, சரியான 5 ஆம்பியர் கம்பிச் சுருள் ஒன்றைப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தால், பீங்கான் கட்டைகள் இன்னும் சில ஆண்டு இருந்துவிட்டுப் போகட்டும். ஏ.சி., ஹீட்டர், தறி என்று எது வந்தாலும் அந்தச் சலுகை முடிந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போல ஒரு மீட்டரில் நான்கைந்து குடித்தனம் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. யார் என்ன பொருளை மாட்டுகிறார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாத இடம் அது.

வேலைக்கு அழைப்பவரிடம் மின்கம்பியாள் சான்றோ உரிமமோ இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட்டையும் சீலும் இ.பி.க்குச் சொந்தம், அதை அவரும் தொடக் கூடாது, நீங்களும் கூடாது. பழைய கட்டைகளை அப்படியே விட்டு அவற்றுக்கு அடுத்து எம்.சி.பி.யை மாட்டிப் போகும் அரைகுறை வேலையை ஏற்காதீர்கள். தளர்வதற்கு இன்னும் நான்கு திருகு கூடியதுதான் அதில் மிச்சம். முடித்ததும் ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து எந்த அறை அணைகிறது என்று உடன் நின்று பாருங்கள். பெட்டி மூடியின் உட்பக்கம் அதை எழுதி ஒட்டுங்கள். பாட்டி தெலுங்கு மட்டும் படிப்பவர் என்றால் தெலுங்கிலும்.